சாவிக்காரர் வாயை மூடிய பத்து நிமிஷம்

அந்தக் கடைத்தெருவில் சாவி வெட்டுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் மருந்துக்கடைப் பக்கம், இன்னொருவர் எதிர்வரிசையில் நூல் கடைப் பக்கம். மருந்துக்கடைப் பக்கம் இருந்தவரைத் தெருவே சாவிக்காரர் என்று கூப்பிட்டது. எதிர்க்கடைக்காரரையும் அதே பெயரில் கூப்பிட இவருக்கு மனசு வரவில்லை. அதனால் அவருக்கு மகாராஜா என்று இவரே ஒரு பெயர் வைத்தார். காரணம் இல்லாமல் இல்லை. சாவிக்காரர் காலை எட்டுக்கெல்லாம் கடையைத் திறந்துவிடுவார். எதிர்க்கடை ஷட்டர் பத்தரைக்கு முன்னால் ஒரு நாளும் மேலே போனதில்லை.

"என்ன, மகாராஜாவுக்குத் துயில் கலைஞ்சாச்சா? பல்லக்கு எங்க, அனுப்பிட்டீங்களா?" என்று தினமும் பத்தரைக்கு ரோட்டைத் தாண்டி ஒரு குரல் போகும். மகாராஜா திரும்பிப் பார்க்கமாட்டார். ஷட்டரைத் தூக்கி, ஸ்டூலைப் போட்டு, அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆறு வருஷமாக இதுதான் நடந்தது.

சாவிக்காரருக்கு நாற்பத்தி மூன்று வயசு. கை சுத்தம், வாய் ஓயாது. சாவி வெட்டும்போது பேசுவார், சாப்பிடும்போது பேசுவார், பல் டாக்டர் வாய்க்குள் கையை விட்டிருக்கும்போதும் பேசி அவரிடம் திட்டு வாங்கியவர். ஒரு சாவியை விரலில் உருட்டிப் பார்த்தே, "இதுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கோபமா வர்றவர், பாருங்க, ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு" என்பார். அந்த வாடிக்கையாளர் மனைவியோடு வந்திருந்தால் கடை வாசலிலேயே ஒரு சண்டை நடக்கும். அதையும் ரசிப்பார்.

இப்படிப்பட்ட மனுஷர் எட்டு வருஷமாக ஹெராயின் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது தெருவுக்குத் தெரியாது. அவருடைய அக்காவுக்குத் தெரியும்.

ஆரம்பம் ஒன்றும் பெரிய கதை இல்லை. ஏணியிலிருந்து விழுந்து முதுகு பிடித்துக்கொண்டது. பூட்டு மாற்றப் போன ஒரு வீட்டில், மாடியில் குடியிருந்தவன், "ஒரு தடவை இதை இழுத்துப் பாருங்க, முதுகுன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோகும்" என்றான். மறந்துதான் போனது. முதுகு மட்டுமா, கல்யாணப் பேச்சு, பல் வைத்தியம், சொந்தமாக வாங்க நினைத்த பெரிய மெஷின் எல்லாமே மறந்துபோயின. மாடிக்காரன் மட்டும் சரக்குக் கொடுக்கவும் காசு வாங்கவும் மறக்கவில்லை. அவன் வீட்டுக் கதவுக்கு இருப்பதிலேயே நல்ல பூட்டைச் சாவிக்காரரே தன் கையால் போட்டுக்கொடுத்திருந்தார். ஊரிலேயே உடைக்க முடியாத பூட்டு அதுதான் என்று அவருக்கு அதில் ஒரு பெருமை வேறு.

அக்கா பழைய துணிக்கு ஜிப் மாற்றி, பேண்ட் கால் சுருக்கிப் பிழைக்கிறவள். முன்னறையில் தையல் மெஷின். அவளுடைய கணவர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் ஒன்பது மாசம் தண்ணீரில் இருப்பார். தம்பி அவளோடுதான் இருந்தார். அவளுக்கு ஒரே ஒரு பயம். தினமும் காலையில் தம்பியின் அறைக்கதவைத் தட்டிவிட்டு, பதில் வரும்வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "என்னக்கா" என்று உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தபிறகுதான் அடுப்புப் பக்கம் போவாள். ஒரு நாள் அந்த முனகல் வராது என்று அவள் மனசில் ஒரு எண்ணம் உட்கார்ந்துவிட்டது.

ஒரு நாள் முனகல் வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. தூக்கம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் அக்கா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். கதவைத் திறந்து அதைப் பார்த்த சாவிக்காரர் அன்றைக்கே முடிவெடுத்தார்.

"அக்கா, விட்டுடறேன். நீ என்னை அறையில போட்டுப் பூட்டிடு. அஞ்சு நாள் கழிச்சுத் திற."

அக்கா பூட்டினாள். பூட்டுத் தொழிலில் இருபத்தஞ்சு வருஷம் இருந்தவரை, அவர் கையாலேயே போட்ட பூட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தைக்கப் போனாள். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அந்த வீட்டில் அறிவு, தனித்தனியாகக் கிடையாது.

அன்று சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே தம்பி கட்டிலில் சாய்ந்து, காலாட்டிக்கொண்டு சிரித்தார்.

"எப்படிடா இருக்கு?"

"பிரமாதம்க்கா. நினைச்ச அளவுக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லை."

அக்கா கஞ்சியைக் கீழே வைத்தாள். அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏண்டா, ரெண்டு வருஷம் முன்னாடி நீயா விடறேன்னு படுத்தியே, அப்ப ஆறு மணிநேரத்துல மூக்கு ஒழுகிச்சு, கொட்டாவி கொட்டாவியா விட்டே. இப்ப எப்படிடா பளிச்சுன்னு இருக்கே?"

சாவிக்காரர் கூரையைப் பார்த்தார். விஷயம் இதுதான். மதியம் பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை நீட்டி, ஏழே நிமிஷத்தில் பூட்டைத் திறந்து, மாடிக்காரனிடம் போய்விட்டு, திரும்பி வந்து, ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வந்து பூட்டியதுதான் அவரிடம் அக்காவுக்குப் பிடித்த குணம். மற்றபடி அந்தக் கஞ்சி அவர் தலையில்தான் கவிழ்ந்தது.

அடுத்த நாள் எண் பூட்டு வாங்கி மாட்டினாள். அதைக் கதவு இடுக்கில் கையை விட்டு, காதை வைத்துக் கேட்டே திறந்தார். மூன்றாம் நாள் நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்தாள். இவர் கீலைக் கழற்றிக் கதவையே தூக்கி ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு, "வாசல்ல நீ இருக்கியேன்னுதான் போகலை" என்றார்.

"நீ மனுஷனாடா?"

"என்னைப் பூட்டி வைக்க ஊர்ல ஒரே ஒரு ஆளாலதான் முடியும் அக்கா. அந்த ஆளும் நான்தான்."

சொல்லும்போதே அவருக்கு யோசனை வந்துவிட்டது. இங்கேதான் அந்தத் தொழில்காரர் மட்டுமே செய்யக்கூடிய, வேறு எந்த மடையனுக்கும் தோன்றாத தப்பைச் செய்தார்.

வீட்டின் பின்னால் ஒரு சாமான் அறை. இரும்புக் கதவு. ஜன்னலில் கம்பி. கம்பிக்கு வெளியே நெருக்கமான வலையை இவரே அடித்தார், அக்காவைக் கெஞ்சி எதையாவது உள்ளே வாங்கிவிடக் கூடாது என்று. தொழில் பையை அக்காவிடம் கொடுத்தார். சட்டைப் பையைத் திருப்பிக் காட்டினார். ஒரு பாய், ஒரு வாளி, ரெண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பாக்கெட் ரொட்டி. உள்ளே போய்க் கதவைப் பூட்டி, சாவியைத் துவாரத்திலேயே முறித்து, இருக்கிற இண்டு இடுக்கிலெல்லாம் இரும்பு ஒட்டும் பசையைப் பிழிந்துவிட்டார்.

"இனி ஆண்டவன் வந்தாலும் இந்தப் பூட்டைக் கம்பி போட்டுத் திறக்க முடியாது!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"அஞ்சு நாள் கழிச்சு நான் எப்படிடா திறக்கறது?" என்றாள் அக்கா வெளியேயிருந்து.

அந்தப் பக்கத்தை அவர் யோசிக்கவில்லை. "அப்ப பார்த்துக்கலாம்," என்றார் கடைசியில்.

முதல் நாள் கொட்டாவி. கண்ணில் மூக்கில் தண்ணீர். உரித்த கோழி மாதிரி உடம்பெல்லாம் புல்லரித்தது. போர்வையைப் போர்த்துவார், உதறுவார், மறுபடி போர்த்துவார். அதிலும் பேச்சு நிற்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் அக்காவுக்கு ஒவ்வொரு கொட்டாவிக்கும் நடுவில் ஏதாவது ஒரு பூட்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. படுத்தால் உதைத்துக்கொண்டன. எலும்புக்குள் யாரோ அரம் போடுவது போல வலித்தது. வயிறு கழிந்தது. குடித்த தண்ணீர் குடித்த வேகத்தில் திரும்பி வந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு பாட்டிலும் காலி. வலையில் விரல்கூட நுழையவில்லை. இவ்வளவு நேர்த்தியாக அடித்து வைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டார். அக்கா வலையின் மேல் தண்ணீரை ஊற்றினாள், பாதி சுவரில் வழிந்தது. கதவுக்கு அடியில் ஈரத்துணியைச் செருகினாள். அதைப் பிழிந்து குடித்து, அதையும் வாந்தி எடுத்தார்.

"கதவை இடிக்க ஆளைக் கூப்பிடறேன்டா."

"வேண்டாம். பாதி தாண்டிட்டேன். தெருவுல மானம் போயிடும்."

மூன்றாம் நாள் காலையில் அக்கா ஜன்னலில் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். ரொம்ப நேரம் கழித்து, "கடையைத் திறங்க, ஆள் நிக்கறாங்க" என்று ஒரு குரல். அவளை வாடிக்கையாளர் என்று நினைத்துப் பேசுகிறார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பேசாத தம்பியை, அவர் பிறந்ததிலிருந்து அவள் பார்த்ததில்லை. செருப்பைக்கூடப் போடாமல் கடைத்தெருவுக்கு ஓடினாள்.

மணி பத்து முப்பத்தி ஐந்து. மகாராஜா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார்.

விஷயத்தை மூச்சு வாங்கச் சொன்னாள். மகாராஜா ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திறந்த கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கூட வந்தார்.

இரும்புக் கதவுக்கு முன்னால் குனிந்து சாவித்துவாரத்தைப் பார்த்தார். பசை கல்லாகியிருந்தது. "யோவ்," என்றார் கதவைத் தட்டி. "கேக்குதா? எந்தக் கம்பெனி பூட்டு சிலிண்டர்யா இது?"

உள்ளே நீண்ட அமைதி. அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு தரையோடு தரையாக ஒரு முணுமுணுப்பு. "யாரு... மகாராஜாவா?"

"ஆமா."

"மணி... பத்தரை ஆயிடுச்சா?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மகாராஜா டிரில்லைத் துவாரத்தில் வைத்தார். அரை நிமிஷம் ஓடியது.

"நடுவுல போடாதே," என்றது குரல். "மேல போடு. சாவி தள்ளற பின்னு வரிசை... மேல. தொழில் தெரியாத ஆளை எல்லாம்..."

"பேசிக்கிட்டே இரு," என்றார் மகாராஜா. "வாயை மூடாதே. நான் எப்படிப் போடறது, சொல்லு."

தொழில் சொல்லிக் கேட்கிற ஆள் அவர் இல்லை. உள்ளே இருப்பவர் மயங்கிவிடக் கூடாது என்பதற்காக, தெரிந்தே ரெண்டு தடவை தப்பாகப் போட்டார். ரெண்டு தடவையும் உள்ளேயிருந்து வசவு வந்தது. இருபத்தி ரெண்டு நிமிஷம். சிலிண்டர் பொடிப்பொடியாகக் கொட்டியது. கதவு திறந்தது.

சாவிக்காரர் பாயில் சுருண்டு கிடந்தார். உதடு வெடித்திருந்தது. கண் குழி விழுந்து, கருமணி மட்டும் காசளவு விரிந்திருந்தது. அக்கா தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். மகாராஜா அவர் கையைத் திருப்பி, நிற்கும் ரோமத்தைப் பார்த்தார். காய்ச்சலா என்று கேட்கவில்லை.

"எத்தனை நாள் ஆச்சு விட்டு?"

சாவிக்காரர் மூன்று விரலைக் காட்டினார்.

"பெரிய ஆளுய்யா நீ. நான் ரெண்டாம் நாளே சுவரைப் பிராண்டிக்கிட்டுக் கிடந்தேன்."

சாவிக்காரர் கண்ணை அகலமாகத் திறந்து பார்த்தார். மகாராஜா வாளியைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆறு வருஷமா பத்தரைக்கு வர்றேன்னு கத்தறியே, காலையில எங்க போயிட்டு வர்றேன்னு ஒரு நாள் கேட்டியா? ஆஸ்பத்திரிக்குப் பின்னால, இதை விடறதுக்கு மருந்து கொடுக்கற கிளினிக். ஒன்பதரைக்குத்தான் திறப்பாங்க. வரிசையில நின்னு வாங்கிட்டு வர பத்தரை ஆகும். இப்ப பேசாம எழுந்திரு. முதல்ல உனக்குத் தண்ணி ஏத்தணும்."

அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் கையில் டிரிப்ஸ் ஊசியோடு படுத்திருந்தார். சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி.

"நீங்கதான் பூட்டுல பசை ஊத்தினவரா?"

"ஆமாங்க டாக்டர். ஆனா பாருங்க, அந்தப் பூட்டு..."

"பூட்டு இருக்கட்டும். இந்த வேதனையால மட்டும் ஆள் சாகறது குறைவு. ஆனா வாந்தியும் பேதியும் போய், தண்ணி உள்ள நிக்கலைன்னா சாகலாம். உங்க அக்கா இன்னும் அரை நாள் உங்க பேச்சைக் கேட்டிருந்தா கிட்னி கையை விரிச்சிருக்கும். இன்னொண்ணு கேளுங்க. அஞ்சு நாள் முடிச்சு வெளியே வந்திருப்பீங்க. பத்தாவது நாளோ இருபதாவது நாளோ ஒரே ஒரு தடவைன்னு போவீங்க. உடம்பு அதுக்குள்ள பழக்கத்தை விட்டிருக்கும். உங்க கை மட்டும் பழைய அளவையே எடுக்கும். மூச்சு நின்னுடும். நிறையப் பேர் அப்படித்தான் போறாங்க, விட்டு ஜெயிச்சுட்டோம்னு நினைச்ச பிறகு."

அக்காவின் முகம் வெளிறியது. தினமும் காலையில் கதவுக்கு வெளியே நின்று அவள் பயந்தது இதற்குத்தான். அவளுக்கு இதுவரை அதன் கணக்கு தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

"அப்ப என்னதான் செய்யறது டாக்டர்?" என்றாள்.

"பூட்டறதை நிறுத்துங்க. நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை இருக்கு. வலி அடங்கும், ஏக்கம் அடங்கும், வேலைக்குப் போகலாம். மாசக்கணக்கோ வருஷக்கணக்கோ, எவ்வளவு தேவையோ அவ்வளவு. குறைக்கறதும் நிறுத்தறதும் எங்ககிட்ட கேட்டு, படிப்படியா. இதோ, இது மூக்குல அடிக்கற மருந்து. எப்பவாவது எழுப்பியும் எழுந்திருக்கலை, உதடு நீலமாகுது, மூச்சு கொறட்டை மாதிரி இழுக்குதுன்னா இதை அடிச்சுட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. தெளிஞ்சுட்டாருன்னு விட்டுடாதீங்க. கூடவே இருங்க."

அக்கா அதை வாங்கித் தையல் மெஷினின் இழுப்பறையில், பாபினுக்கும் பட்டனுக்கும் நடுவில் வைத்தாள். அந்த இழுப்பறைக்கு மட்டும் பூட்டு கூடாது என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அக்காவும் தம்பியும் கிளினிக்குக்குப் போனார்கள். நீளமான அறை, சுவரோரம் பெஞ்சு, கண்ணாடிக்குப் பின்னால் நர்ஸ். லாரி ஓட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், வயசான தம்பதி ஒன்று என்று பதினைந்து பேர். சாவிக்காரர் எல்லாருடைய இடுப்புச் சாவிக்கொத்தையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நர்ஸ் மாத்திரையைக் கொடுத்தாள். "நாக்குக்கு அடியில வைங்க. முழுங்கக் கூடாது, முழுங்கினா வேலை செய்யாது. கரையப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் பேசக் கூடாது."

சாவிக்காரர் அதிர்ந்துபோனார். "பத்து நிமிஷமா? ஒரு வார்த்தைகூட..."

"கூடாது."

வாந்தியைத் தாங்கிய மனுஷர், எலும்பில் அரம் ஓடியதைத் தாங்கிய மனுஷர், இதைத் தாங்குவாரா என்று அக்காவுக்கே சந்தேகம். உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் போனது. கை அதுவாகத் தொடையில் தாளம் போட்டது. அப்போது பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. தன் பங்கைக் கரைத்து முடித்துவிட்டு மகாராஜா வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஆறு வருஷத்துச் சந்தோஷம்.

"அப்புறம்?" என்றார் மெதுவாக. "சாவிக்காரருக்கு உடம்பு தேவலையா? பல்லக்கு ஏதாவது அனுப்பட்டுமா?"

சாவிக்காரர் கண்ணை உருட்டினார்.

"என்ன, பதிலே காணோம்? சரி, நானே பேசறேன். போன வருஷம் பேங்க்காரங்க அலமாரிக்கு நீ போட்ட பூட்டு இருக்கே, அதைப் பார்த்தேன்யா. திருகாணியைக் கோணலாப் போட்டிருக்கே."

சாவிக்காரரின் காது சிவந்தது. வாயைத் திறக்கப் போனார். "ஆறு நிமிஷம் இருக்கு," என்றாள் நர்ஸ், தலையைத் தூக்காமலே.

அதிலிருந்து தினமும் அதுதான் நடந்தது. பேசாத மகாராஜா பேசுவதற்கென்று உலகத்தில் பத்து நிமிஷம் கிடைத்தது. அதை அவர் வீணாக்கவில்லை. ஆறு வருஷப் பாக்கியை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தார். பத்து நிமிஷம் முடிந்து நர்ஸ் நாக்கைத் தூக்கிப் பார்த்து "சரி" என்றதும் சாவிக்காரர் ஆரம்பிப்பார். அது கடைத்தெரு வரைக்கும் போகும். இப்போது இரண்டு கடையும் பத்தரைக்குத்தான் திறந்தது. நூல் கடைக்காரர், "தெருவுக்கு ஒரு மகாராஜாவே தாங்கலை," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எல்லாம் நேர்க்கோட்டில் போய்விடவில்லை. மூன்றாம் வாரம், "எனக்குச் சரியாப் போச்சு, மாத்திரை எதுக்கு?" என்று ஆரம்பித்தார். "கட்டடம் நல்லா நிக்குதுன்னு தூணைப் பிடுங்கறியா?" என்றார் மகாராஜா. ஏழாவது வாரம் ஒரு மழை நாளில் கால் தானாக மாடிக்காரன் வீட்டுக்குப் போய்விட்டது. போனார், எடுத்தார். மாத்திரை உள்ளே இருந்ததால் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை, அவமானம் மட்டும் ஏறியது. மறுநாள் கிளினிக்கில் தலையைக் குனிந்துகொண்டு நர்ஸிடம் சொன்னார். வெளியே போ என்பாள், காறித்துப்புவாள் என்று எதிர்பார்த்து நின்றார். நர்ஸ் நோட்டில் எழுதிக்கொண்டாள். டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து, மாத்திரையைக் கொடுத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"நாளைக்கு வருவீங்கல்ல? அவ்வளவுதான். ஒளிக்காம சொன்னீங்களே, அது போதும். உக்காருங்க, வாயை மூடுங்க."

அன்று மகாராஜா கிண்டல் பண்ணவில்லை. பத்து நிமிஷமும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அது சாவிக்காரருக்குக் கிண்டலைவிட அதிகமாக உறைத்தது.

ஐந்து மாசம் போனது. உடம்பில் சதை பிடித்தது. அக்கா காலையில் கதவைத் தட்டிவிட்டு நிற்பதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது முனகலுக்குப் பதிலாக, "எழுந்து அரை மணி ஆச்சுக்கா, நீதான் லேட்டு" என்று வசனம் வந்தது.

ஒரு நாள் மதியம் மூன்று மணி. கடையில் போன் அடித்தது. மாடிக்காரன்.

"அண்ணே, கதவு சாத்திக்கிச்சு. சாவி உள்ள இருக்கு. நீங்க போட்ட பூட்டு, நீங்கதான் வரணும். கூலி என்னன்னு நான் சொல்ல வேண்டாம். புதுசா வந்திருக்கு, நல்லதா."

சாவிக்காரர் பையை எடுத்தார். தொழில்காரனைக் கதவு கூப்பிட்டால் போகத்தானே வேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மூன்று தெரு தாண்டினார். அந்த வீட்டுப் படிக்கட்டின் கீழ்ப்படியில் கால் வைத்தார். அந்தப் பூட்டு அவருக்கு நாலு நிமிஷம். கைக்கு அதன் ஐந்து பின்னும் மனப்பாடம். மேலே மாடிக்காரன் செருப்பு தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டது. வாயில் எச்சில் ஊறியது. அதைக் கவனித்ததும் அடுத்த படிக்கு ஏறாமல் நின்றார். போனை எடுத்து மகாராஜாவைக் கூப்பிட்டார்.

"கதவு ஒண்ணு மாட்டிக்கிச்சு," என்றார்.

"அதுக்கு எதுக்குய்யா எனக்குச் சொல்றே? போய்த் திற," என்றார் மகாராஜா.

"மாடிக்காரன் கதவு."

அந்தப் பக்கம் அரம் தேய்க்கிற சத்தம் நின்றது. "எந்தப் படியில நிக்கறே?"

"கீழ்ப்படி."

"இறங்கு."

"கீழ்ப்படிதான்யா. இதுக்குக் கீழ இறங்க ஏது இடம்?"

"ரோடு இருக்குல்ல, ரோட்டுக்கு இறங்கு. அக்கா வீட்டுக்கு நட. போனை வைக்காதே. வர்ற வழியில என்னென்ன பூட்டு கண்ணுல படுதோ சொல்லிக்கிட்டே வா."

சொல்லிக்கொண்டே நடந்தார். சைக்கிள் பூட்டு, மளிகைக்கடைத் தொங்குபூட்டு, தபால்பெட்டிப் பூட்டு. தபால்பெட்டிப் பூட்டில் குறைகூடக் கண்டுபிடித்தார். அக்கா வீட்டு வாசலில் மகாராஜா நின்றுகொண்டிருந்தார்.

"நீ போய்த் திறந்துட்டு வந்துடேன்," என்றார் சாவிக்காரர். "வாடிக்கையாளர் காத்துக்கிட்டிருக்காரு."

"நானா? ஆறு வருஷமா அந்தத் தெருவுல போகாம சுத்திப் போறவன்யா நான்."

அந்த நேரம் மகாராஜாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திருப்பிக் காட்டினார். மாடிக்காரன்தான். ஊரில் இரண்டே சாவிக்காரர்கள், இரண்டு பேரும் வர முடியாத ஒரே கதவு. முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். தம்பி தொழில் பையின் வாரை விடாமல் முறுக்கிக்கொண்டிருப்பது அவள் கண்ணில் பட்டது. ஒரு மூட்டைப் பழைய பேண்டைக் கொண்டுவந்து இருவர் மடியிலும் கொட்டினாள்.

"ரெண்டு பேரும் சும்மா உக்காராதீங்க. தையலைப் பிரிங்க. துணியைக் கிழிச்சீங்கன்னா விரலை வெட்டிடுவேன்."

இருட்டும்வரை பிரித்தார்கள். சாவிக்காரர் தலை நிமிர்ந்தபோது மடியில் பதினொரு பேண்ட்.

மறுநாள் காலை. பெஞ்சு. நர்ஸ் மாத்திரையைக் கொடுத்தாள். சாவிக்காரர் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். மகாராஜா நகர்ந்து பக்கத்தில் வந்தார்.

"செய்தி தெரியுமா? நேத்து மாடிக்காரன் சம்மட்டி வாங்கிட்டு வந்து இடிச்சுட்டானாம். ஊரிலேயே உடைக்க முடியாத பூட்டுன்னு சொல்லிக்கிட்டிருந்தியே. நாலே அடி. பேத்துக்கிட்டுப் போச்சாம்."

சாவிக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. நாலு அடியா? அந்தப் பூட்டா? கையை உயர்த்தி, விரலால் பத்து, இருபது என்று காட்டினார். மூக்கு விடைத்தது. உதடு துடித்தது.

"நாலுன்னுதான்யா சொன்னாங்க. எதிர்வீட்டுக்காரங்க எண்ணினாங்களாம்."

"ஏழு நிமிஷம் இருக்கு," என்றாள் நர்ஸ்.

ஏழு நிமிஷமும் மகாராஜா அந்த நாலு அடியை ஒவ்வொன்றாக விவரித்தார். சாவிக்காரர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு எச்சிலைக்கூட முழுங்கவில்லை. நர்ஸ் எழுந்து வந்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, "சரி, பேசலாம்" என்றாள்.

"யோவ்!" அறை அதிர்ந்தது. "நாலு அடியில போற பூட்டாய்யா அது? கதவுச் சட்டம் பேந்திருக்கும், பூட்டு அப்படியே நின்னிருக்கும்! எழுந்திரு. வா, இப்பவே நேர்ல போய்ப் பார்த்து..."

நின்றுவிட்டார். பையைத் தூக்கிய கை அப்படியே நின்றது. மகாராஜா அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் நர்ஸும் பேனாவைக் கீழே வைத்தாள்.

பூட்டு விஷயத்தில் வாழ்க்கையில் ஒரு நாளும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத அந்த மனுஷர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "நாலு அடின்னே இருந்துட்டுப் போகட்டும்."